இரண்டு கை வைத்த மஃப்ளர்

மாமியார் ஒளித்து வைத்த கொலைக்கதைப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள்ளிருந்து துழாவி எடுத்து, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்த பிரவீனாவை, போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மாசமாக இருப்பவள் கொலைக்கதை படிக்கலாமா என்று பிடுங்கி வைத்த சகாயமேரி, மருமகளைத் தாண்டிப் பாதிக் கதை படித்திருந்தாள். கொலை நடக்கிற பக்கத்தில் அடையாளத்துக்கு மாதா படம் வேறு.

இன்று காலை அந்தச் சிரிப்பில் ஒரு பொட்டுகூட பிரவீனாவிடம் மிச்சமில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வடக்குப்பட்டில், வயலை மனை போட்டு விற்ற தெருவில் கடைசி வீடு இது. சகாயமேரிக்கு வல்லம் பக்கத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் காலைச் சமையல் வேலை. கணவர் யாகப்பன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மகன் ஃபிரடிக்கு கார் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் மெஷின் ஓட்டும் வேலை. மருமகள் பிரவீனா மணிமங்கலத்துப் பெண். செல்போன் பொருத்தும் கம்பெனியில் லைனில் நின்றவள், எட்டாம் மாதம் பிறந்ததும் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவள் வயிற்றுக்குள் நான்காவதாக ஓர் ஆள். இன்றைய பாடெல்லாம் அந்த ஆளால்தான்.

அந்த ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பிரவீனா காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் விலா எலும்புக்குக் கீழே ஓர் உதை விழும். காபி ஸ்ட்ராங்காக இல்லை என்று கம்ப்ளெய்ன்ட் செய்கிறான் என்பான் ஃபிரடி. பையன் என்று யார் சொன்னது என்பாள் இவள்.

இன்று காபி குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள். உதை விழவில்லை.

தூங்குகிறதாக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையை வேலையில் வைத்தால் மனசு நிற்கும் என்று கொடியிலிருந்து எடுத்த துணியை மடிக்க உட்கார்ந்தாள். ஃபிரடியின் யூனிஃபார்ம் சட்டை கையில் வந்தது. எத்தனை தடவை அலசினாலும் மெஷின் எண்ணெய் வாசனை போகாத சட்டை அது. கொஞ்ச நாளாக அந்த வாசனை இல்லை. பதிலுக்கு ஊசி போடும் முன்னால் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. கேட்டதற்குப் புது லைனில் மாற்றிவிட்டார்கள், அங்கே ஏதோ திரவம் ஊற்றித் துடைக்கிறார்கள் என்று சொன்னான். சரி என்று விட்டிருந்தாள். இன்றைக்கும் விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு கவலை.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துச் சில்லென்று குடித்தாள். கடலைமிட்டாய் ஒன்றைக் கடித்தாள். இனிப்பு போனால் குழந்தை துள்ளும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வயிறு கனமாக இருந்தது. அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி அசைந்ததா? யோசித்தாள்.  அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி அவள் கதைக்குள் இருந்தாள். ஏரிக்கரை பங்களாவுக்குள் வக்கீல் பெண்மணி தனியாக டார்ச் அடித்துக்கொண்டு போகிறாள், மாடிப்படியில் யாரோ நிற்கிறார்கள். அந்த நேரத்தில் சொந்த வயிற்றை யார் கவனிப்பார்கள்? உதைத்திருந்தாலும் பக்கத்தைத் திருப்பியிருப்பாள்.

உடனே அத்தைக்குப் போன் போட்டிருக்க வேண்டும். நீங்களும் நானும் அதைத்தான் சொல்வோம். பிரவீனா போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். எடுத்தவள் திரும்பக் கட்டிலில் வைத்துவிட்டு, பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். குளிர்காலப் போர்வைக்கு அடியில் கைவிட்டு ஒரு மஞ்சள் மூட்டையை வெளியே எடுத்தாள்.

இந்தப் பின்னல் வேலையை அவளுக்குப் பழக்கியவள் சுகப்பிரியா, லைனில் பக்கத்து இடத்தில் நிற்கும் கோத்தகிரிப் பெண். இரும்பு ஊசி கொண்டுபோனால் கேட்டில் செக்யூரிட்டி விடமாட்டார்கள் என்பதால் பிளாஸ்டிக் ஊசியில், கம்பெனி பஸ்ஸிலேயே பாடம் நடந்தது. முதலில் ஒரு போன் உறை பின்னினாள். அதற்குள் போன் நுழையவில்லை. அடுத்தது தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சட்டை. அது பாட்டிலைவிட்டுக் கழன்று கழன்று விழுந்தது. மூன்றாவதாகத் தொடங்கியதுதான் இந்த மஞ்சள். மார்கழிக் குளிரில் பிறக்கப்போகிற ஆளுக்கு ஒரு சின்ன ஸ்வெட்டரும் தொப்பியும். அத்தை கேட்டதற்கு, நைட் ஷிஃப்டுக்கு பைக்கில் போகிறாரே, அவருக்கு மஃப்ளர் என்று சொல்லிவைத்தாள்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பிறக்காத குழந்தைக்காகப் புதுசாக எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. பிறந்த பிறகும் முதலில் பழைய துணியில்தான் சுற்ற வேண்டும். கோயிலா சர்ச்சா என்று கல்யாணத்தில் முட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்களும் ஒரே குரலில் பேசியது இந்த ஒரு விஷயத்தில்தான். போன வருஷம் ஃபிரடி அதைக் கேட்கவில்லை. ஐந்தாம் மாதத்திலேயே ஆசை தாங்காமல், குடை மாதிரி விரிகிற குட்டிக் கொசுவலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் விரித்துக் காட்டினான். அடுத்த மாதமே எல்லாம் கலைந்துபோயிற்று.

அன்றிலிருந்து சகாயமேரி வாயிலிருந்து ஒரே பேச்சுத்தான். அந்தக் கொசுவலை வந்த நேரம். பக்கத்து வீட்டில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள், மணிமங்கலத்துக்குப் போன் போட்டுச் சம்பந்தி ராஜம்மாவிடம் சொன்னாள். பெற்ற தாயும் அதற்கு ஆமாம் போட்டதுதான் பிரவீனாவுக்கு ஆறவில்லை.

அதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவளுக்குத் தெரியும். கம்பெனி லைனில் கையில் எர்த் வயர் கட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைக்கூட அளந்து வேலை செய்த பெண் அவள். ஆனால் இந்தக் காலையில், அசையாத வயிற்றோடு தனியாக உட்கார்ந்திருக்கும்போது, தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பயம் மட்டும்தான் கூட இருந்தது.

ஸ்வெட்டரை மடியில் வைத்துக் கழுத்துப்பக்க முடிச்சை அவிழ்த்தாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாகக் கண்ணிகள் கழன்றன. எத்தனையோ மதிய நேரங்கள் உட்கார்ந்து பின்னியது, ஒரே இழுப்பில் ஓடி வந்தது.

வலது கை பிரிந்தது. நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இடது கையையும் பிரித்தாள். மாதாவே, தெரியாம செஞ்சிட்டேன், எடுத்துடறேன் என்று உதடு முணுமுணுத்தது. மணிமங்கலத்துப் பெருமாளையும் கூப்பிட்டுக்கொண்டாள். ஒன்றுமில்லை. மிச்சம் ஒரு கண்ணிகூட இருக்கக்கூடாது போலிருக்கிறது என்று தோன்றியது. முதுகுப் பாகத்தை இழுத்தாள். பிறகு தொப்பி. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கிக் கட்டில் காலைத் தொட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரமெல்லாம் நூல் பிரிப்பதில் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எடுத்து மறைக்க அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வெங்காயம், சாம்பார் எல்லாம் கலந்த விடுதி வாசனையோடு சகாயமேரி அறை வாசலில் வந்து நின்றாள். மருமகளைச் சுற்றித் தரையெல்லாம் சுருள் சுருளாக மஞ்சள் நூல்.

"இன்னாத்துக்குப் பிரிச்சிகினு கீற?" என்று கேட்டாள். "கழுத்து சரியா வரலியா?"

பிரவீனா நிமிர்ந்து பார்த்தாள். மஃப்ளர் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு கை வச்ச மஃப்ளர உன் புருஷன் எதுல மாட்டுவான், காதுலயா? எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? பீரோவுல போர்வய நான்தான மடிச்சி வக்கிறேன்."

திட்டுவாள் என்று நினைத்து பயந்த இடத்தில் கேலி வந்ததும் பிரவீனாவுக்குத் தாங்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கொழந்த அசையல அத்த."

சகாயமேரியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் பிரவீனா. காலையில் காபிக்கு அசையவில்லை, ராத்திரி கதை படித்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை, இதைப் பின்னினதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று, எல்லாம் பிரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று... 

"காலையிலேர்ந்து இத்தப் பிரிச்சிகினா உக்காந்திருந்த?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு சகாயமேரி அவளைக் கைபிடித்து எழுப்பினாள். பிறகு செருப்பைப் போடச் சொன்னாள். தரையில் கிடந்த நூலை இரண்டு கையாலும் வாரி, ஊசியையும் சேர்த்து ஒரு பைக்குள் திணித்தாள். தன் அறைக்குப் போய் இன்னொரு பையோடு வந்தாள். ஏற்கெனவே கட்டித் தயாராக வைத்திருந்த பை போலிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பிரவீனா கேட்கவில்லை.

தெருமுனை ஆட்டோவை ஓட்டுகிறவன் பெயர் அப்பாவு. கர்ப்பிணி என்றால் மெதுவாக ஓட்டுவான், அவசரம் என்றால் வேகமாக ஓட்டுவான். இரண்டும் சேர்ந்து வந்ததில் பாவம் திணறினான். ஒரகடம் மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. புத்தம்புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர் ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு ரோட்டையே அடைத்திருந்தது. அப்பாவு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிரவீனா வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம், இதுவா, இது அசைவா என்று நினைத்து ஏமாந்தாள். பக்கத்தில் சகாயமேரி ஜெபமாலை சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஜெபமாலையில் ஒரு நாளும் தப்பு விடாதவள் அவள். அதைக் கேட்டதும் பிரவீனாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அவருக்குச் சொல்ல வேண்டாமா என்று பிரவீனா கேட்டாள். எப்படிச் சொல்வது என்று கேட்டாள் மாமியார். ஷிஃப்டுக்குள் போகும்போதே எல்லார் போனையும் லாக்கரில் போட்டுப் பூட்டிவிடுவது அந்த ஃபேக்டரி வழக்கம். வெளியே வந்தால்தான் கையில் கிடைக்கும். அவசரத்துக்கு கேட் நம்பர் ஒன்று உண்டு. அது மாறிவிட்டது, புதுசு வாங்கித் தருகிறேன் என்று ஃபிரடி சொல்லிக்கொண்டே இருந்தான், தரவில்லை.

"மொதல்ல டாக்டரப் பாப்போம். அவன் வந்து இன்னா பண்ணப் போறான், நம்மளோட சேந்து அழுவான்" என்றாள் சகாயமேரி.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரி அது. மூன்று மாடி, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் மாதா சிலை. எல்லா மாடியிலும் கூரையில் ஸ்பீக்கர் வைத்து, வயதான சிஸ்டர் ஒருத்தர் கீழே ஆபீஸிலிருந்து அறிவிப்புச் செய்வார். அமைதி காக்கவும், எச்சில் துப்பாதீர்கள், பார்வையாளர்கள் படியில் உட்கார வேண்டாம். ஒவ்வொரு அறிவிப்பின் நடுவிலும் அவருக்கு ஓர் இருமல் வரும். விசில் மாதிரி முடிகிற இருமல். மாதாமாதம் செக்கப்புக்கு வரும்போது ஃபிரடி அதை அப்படியே செய்துகாட்டி பிரவீனாவைச் சிரிக்க வைப்பான். இன்று அவர்கள் நுழையும்போதும் சிஸ்டர் இருமினார். பிரவீனா காதில் விழுந்தது. சிரிக்க ஆளும் இல்லை, மனசும் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் டோக்கன் எதுவும் கேட்காமல் நர்ஸ் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கையடக்கக் கருவி ஒன்றை வைத்து அழுத்தினாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் இடம் மாற்றினாள். கரகர. மறுபடி மாற்றினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் வைத்துக்கொள்வதைப் பார்த்துத்தான் பிரவீனாவுக்கு உயிர் போனது. கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லி இருந்தது. அது நகர்ந்தால் குழந்தை பிழைக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துவிட்டு, நகராவிட்டால் என்ன செய்வது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து ஒரு துடிப்பு வந்தது. டுக்டுக்டுக் என்று.

சகாயமேரி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

கதை இத்தோடு சுபமாக முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். முடியவில்லை. டாக்டரம்மா வந்து, வயிற்றைச் சுற்றி பெல்ட் மாட்டி மானிட்டரில் இணைத்தார். காகிதத்தில் கோடு ஓடியது. ஓடிக்கொண்டிருந்த கோடு ஓர் இடத்தில் சரிந்து இறங்கியது. துடிப்புச் சத்தமும் மெதுவானது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு தயங்கித் தயங்கி மேலே ஏறிற்று.

"குழந்தை இருக்கு. ஆனா கொஞ்சம் சோர்வா இருக்கு. பாத்துகிட்டே இருப்போம். மறுபடி இப்படி இறங்கினா காத்திருக்க மாட்டேன், இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுவேன். வீட்டுக்காரரை வரச் சொல்லிடுங்க."

இன்னும் மாதம் ஆகவில்லையே என்று பிரவீனா கேட்டாள். இந்த மாதத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் பிழைத்து ஸ்கூலுக்குப் போகின்றன என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்பதையும் அவர் கடிந்துகொள்ளாமல்தான் சொன்னார். அது பிரவீனாவுக்குள் போய் அப்படியே தைத்தது. வெயில் கட்டில் காலைத் தொட்டது ஞாபகம் வந்தது.

டாக்டர் போனதும் நர்ஸ் சகாயமேரியிடம் சொன்னாள். எதற்கும் குழந்தையைச் சுற்ற மெத்தென்று பழைய துணி எடுத்து வையுங்கள், தலைக்கு ஒரு தொப்பியும் வேண்டும், மாதத்துக்கு முன்னால் வருகிற பிள்ளைக்குச் சூடு தலைவழியாகத்தான் போகும்.

சகாயமேரி இரண்டாவது பையைத் திறந்தாள். உள்ளே யாகப்பனின் பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து வெண்ணெய்போல் ஆனது, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்திருந்தது. பிரவீனா ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"பழசு. பழசு வக்கலாம்" என்றாள் சகாயமேரி, யாரோ தன்மேல் கேஸ் போட்டதுபோல. பிறகு குரலை இறக்கினாள். "நீ தல முழுகலன்னு சொன்ன அன்னிக்கே கிழிச்சி வச்சிட்டேன். தெனம் எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப மடிச்சி வப்பேன். பயந்துகினேதான் பாப்பேன்."

தொப்பிதான் இல்லை. பிரித்துப் போட்டாயிற்று. கடையில் வாங்கி வருகிறீர்களா என்று பிரவீனா கேட்பதற்குள், மாமியார் முதல் பையிலிருந்து நூல் குவியலை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பிளாஸ்டிக் ஊசி இரண்டையும் கையில் கொடுத்தாள்.

"பின்னு."

"அத்த, நீங்கதான..."

"நான்தான் சொன்னேன். போன வருஷம் ஒரு கொசுவல மேல பழியப் போட்டேன். யார் மேலயாவது போடணும்னு இருந்துச்சி, கொசுவல எதுத்துப் பேசாது." நூலின் நுனியைத் தேடி எடுத்து நீட்டினாள். "நீ அத நம்பிகினு இன்னிக்குக் காலம்பர எல்லாம் நூலப் பிரிச்சிகினு உக்காந்த பாரு, அது என்னாலதான். தொப்பி மட்டும் பின்னும்மா. தல சின்னதாத்தான் இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்."

பிரித்த நூல் நேராக நிற்காமல் பழைய வளைவிலேயே சுருண்டுகொண்டு கைக்குப் பிடிகொடுக்கவில்லை.  முதல் வரிசையே இரண்டு தடவை கழன்றது. மானிட்டர் டுக்டுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் லேசாக இறங்கினாலும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். ஏறியதும் விட்டார்கள்.

அவள் கவனத்தைத் திருப்ப சகாயமேரி, தான் எப்போதோ ரகசியமாகப் படித்து முடித்திருந்த அந்தக் கொலைக்கதையின் மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினாள். மாடிப்படியில் நின்றது யார் தெரியுமா என்று கேட்டாள். ஆளின் பெயர் அவளுக்கு ஞாபகமில்லை. மீசைக்காரன், அவனுடைய தங்கச்சி புருஷன், அந்த ஏரிக்காரன் என்று சொல்லிக் குழப்பினாள். கடைசியில் அந்த வக்கீல் பெண்மணி எப்படித்தான் கண்டுபிடித்தாள் என்று பிரவீனா கேட்டாள்.

"ஒருத்தன் எங்க இருக்கேன்னு சொன்னானோ அங்க இல்ல. சின்ன விஷயம்தான். அவ காத வச்சிக் கேட்டா, அவ்ளோதான்."

தொப்பியின் விளிம்பு விரல் அகலத்துக்கு வந்திருந்தது. கோடு மறுபடி ஒருமுறை சரிந்தது. நர்ஸ் ஓடி வந்து பிரவீனாவை இடப்பக்கம் புரட்டி ஆக்ஸிஜன் மாட்டினாள். கோடு ஏறியது. ஆனால் டாக்டருக்குச் சொல்ல அவள் போய்விட்டாள். போகும்போது வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எடுக்கமாட்டான் என்று தெரிந்தும் பிரவீனா போனை எடுத்தாள். லாக்கருக்குள் அது அடித்து அடித்து ஓயட்டும், ஷிஃப்ட் முடிந்து எடுத்ததும் பார்ப்பான். ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முன்னால் தான் கூப்பிட்டாள் என்றாவது அவனுக்குத் தெரியட்டும். சகாயமேரியும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மூக்கில் இருந்த மாஸ்க்கை ஒதுக்கிக்கொண்டாள்.

ஒரே ரிங்தான். எடுத்துவிட்டான்.

"பிரவீ? இன்னா, இன்னா ஆச்சி?"

அந்தக் குரல் அறைக்குள் வந்ததும் விலா எலும்புக்குக் கீழே, காபி டம்ளரை வைத்ததும் விழுமே, அதே இடத்தில் ஓர் உதை விழுந்தது. பிரவீனாவின் கையிலிருந்து ஊசி நழுவியது. மானிட்டர் சத்தம் குதிரை மாதிரி ஓடியது. அத்தையின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். மறுபடி உதைத்தது. சகாயமேரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிரவீனாவுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் ஒரு நொடி அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அடுத்த நொடி தோன்றியது. ஷிஃப்ட் நேரத்தில் இவன் கையில் போன் எப்படி வந்தது?

லைனில்தான் இருக்கிறேன், சூப்பர்வைசர் இன்றைக்குப் போனை விட்டுவிட்டார் என்று ஃபிரடி அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரல் வறண்டிருந்தது. பின்னால் மெஷின் சத்தம் எதுவும் இல்லை.

அப்போது மணி அடித்தது. மதிய ஜெபத்துக்கான மணி. அறைக்கு வெளியே கூரை ஸ்பீக்கரில் வயதான சிஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். இரண்டு வரி சொல்லி, நடுவில் இருமினார். விசில் மாதிரி முடிகிற இருமல்.

கட்டிலில் கிடந்த போனுக்குள்ளிருந்தும் அதே இருமல் வந்தது.

சகாயமேரி போனைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். காலையில் மடித்துப் போட்ட சட்டையின் ஸ்பிரிட் வாசனை, இதே ஆஸ்பத்திரி வாசனை, இப்போது பிரவீனாவின் மூக்குக்கே வந்து நின்றது. மாமியார் முன்னால் புருஷனை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இன்று அது ஞாபகம் வரவில்லை.

"ஃபிரடி," என்றாள், வயிற்றின் மேல் இருந்த அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. "நீ எந்த மாடியில இருக்க?"